மூன்றாவது கம்பி

"ஆர்ச்டாப் பார்க்க அழகு, வாசிக்க ஆகாது." கிடார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தத் தீர்ப்பு எப்படியும் ஒருமுறை வந்துவிடும். அகூஸ்டிக்கை எடுத்து ஒரு கார்டு வாசிப்பார்கள், எலெக்ட்ரிக்கில் அதையே, பிறகு மேல்பலகை வயலின் போலக் குவிந்த ஆர்ச்டாப்பில் அதையே. அகூஸ்டிக் அறையை நிறைக்கும். எலெக்ட்ரிக்கில் கம்பி விரலுக்கு இழைந்து கொடுக்கும். ஆர்ச்டாப் அடைத்த குரலில் பேசும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், அதாவது ஃபிரெட்களில், பத்தாவதைத் தாண்டினால் சுருதியும் விலகும். "சத்தமும் இல்லை, சுருதியும் நிற்கவில்லை, இதற்கா இத்தனை விலை?" என்று கேட்டு அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. இப்படிப் பழி சுமந்த ஆர்ச்டாப்களில் பலவற்றை உற்றுப் பார்த்தால் அதற்குப் பொருந்தாத கம்பி ஏறியிருக்கும், குறிப்பாக மூன்றாவது கம்பி, ஜி. அந்த ஒரு கம்பியை விளங்கிக்கொண்டால் மூன்று வகைக் கிடாரும் எங்கே பிரிகின்றன என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும். மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இதை ஏன் பேசுவதில்லை என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

குதிரை எப்படி நிற்கிறது

கம்பிக்குப் போகும் முன் குதிரையைப் பார்க்க வேண்டும். வயலினிலும் வீணையிலும் நாம் குதிரை என்று சொல்வதுதான் கிடாரில் பிரிட்ஜ். அகூஸ்டிக்கில் அது மேல்பலகையோடு பசையால் ஒட்டப்பட்டது. 12-53 செட் (மிக மெல்லிய கம்பி ஆயிரத்தில் 12 அங்குலம், மிகத் தடித்தது 53) போட்டால் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 73 கிலோ இழுக்கும். அந்த இழுப்பு குதிரையை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும், அதனால் அதன் பின்புறத்துப் பலகை கொஞ்சம் உப்பும். உள்ளே எக்ஸ் வடிவில் ஒட்டியிருக்கும் சட்டங்கள் அந்த உப்பலைக் கட்டுக்குள் வைக்கின்றன. ஓரளவு உப்பல் இயல்பானது, அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஆர்ச்டாப்பின் கதை வேறு. அது வயலின் முறையில் கட்டிய கிடார்: குவிந்த மேல்பலகை, எஃப் வடிவத் துளைகள், அடியில் கம்பிகளைப் பிடிக்கும் டெயில்பீஸ். குதிரை எங்கும் ஒட்டப்படவில்லை, கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. மொத்த இழுப்பு சுமார் 70 கிலோ, கம்பி குதிரைமேல் 14 டிகிரி மடிகிறது என்று வைத்துக்கொண்டால், பலகையைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை ஏறத்தாழ 17 கிலோ. அகூஸ்டிக்கில் பலகை முறுக்கப்படுகிறது, இங்கே அமுக்கப்படுகிறது. அதனால்தான் ஆர்ச்டாப்பின் ஒலி அடித்ததும் சட்டென்று எழும்பிச் சீக்கிரம் அடங்கும். அதைக் குறையாகச் சொல்வது, மிருதங்கத்திடம் தம்புராவின் ரீங்காரத்தை எதிர்பார்ப்பது போல.

கிப்சன் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் லாயிட் லோர் இருந்த காலத்தில், 1922ல் வந்த எல்-5தான் எஃப் துளையோடு வந்த ஆர்ச்டாப்புக்கு அச்சாக அமைந்தது. 16 அங்குல அகலத்தில் தொடங்கி 1930களில் 17 அங்குலமானது. 1934ல் 18 அங்குல சூப்பர் 400 வந்தது. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் நிறைந்த பெரிய வாத்தியக் குழுவில் கிடார் காதில் விழ வேண்டும் என்பதுதான் இந்த வளர்ச்சிக்கெல்லாம் காரணம். கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் ஃபிரெடி கிரீன் பல பத்தாண்டுகள் ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஆர்ச்டாப்பில், கம்பியை மிக உயரத்தில் வைத்துக்கொண்டு தாளம் பிடித்தார். 1936ல் வந்த கிப்சனின் இஎஸ்-150ல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஏறியதும் சத்தத்தை மரம் தர வேண்டிய கட்டாயம் குறைந்தது. 1950ல் ஃபெண்டரின் கெட்டி மரக் கிடார் வந்தபோது அந்தக் கட்டாயம் அறவே போயிற்று. எலெக்ட்ரிக்கில் குதிரை கெட்டி மரத்தில் திருகப்பட்ட உலோகம். அது எதையும் அதிரவைக்க வேண்டியதில்லை, கம்பியை அசையாமல் தாங்கினால் போதும்.

ஜி கம்பி

கிடாரில் மெல்லிய இரண்டு கம்பிகளும், அதாவது மேல் இ-யும் பி-யும், எப்போதும் வெறும் எஃகு. டி, ஏ, தாழ் இ மூன்றும் எப்போதும் மேலே இன்னொரு கம்பி சுற்றியவை. நடுவிலிருக்கும் ஜி மட்டும் இரண்டு பக்கமும் போகும். அகூஸ்டிக் செட்டில் அது சுற்றிய கம்பி, பெரும்பாலும் ஆயிரத்தில் 24 அங்குலம். இன்றைய எலெக்ட்ரிக் செட்டில் வெறும் எஃகு: 9-42ல் 16, 10-46ல் 17. ஆர்ச்டாப்புக்கென்று வரும் 12-52 ஃபிளாட்வவுண்ட் (தட்டையான பட்டை சுற்றிய) செட்டில் சுற்றிய 24.

விரலால் அமுக்கும்போது கம்பி கொஞ்சம் நீளுகிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்வது உள்ளிருக்கும் எஃகின் தடிமன். சுற்றிய 24 எண் கம்பியின் உள் எஃகு 13 எண் அளவில்தான் இருக்கும், மேலே சுற்றியது எடைக்காக மட்டும். அதே ஜி ஸ்வரத்துக்கு 20 எண் வெறும் எஃகைப் போட்டால், நீட்சியை எதிர்க்கும் எஃகின் குறுக்களவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஒரே அளவு அமுக்கினாலும் வெறும் ஜி அதிகமாக ஏறும். இந்த ஏற்றத்தை ஈடுகட்டத்தான் குதிரையில் அந்தக் கம்பி தாங்கும் புள்ளியை டெயில்பீஸ் பக்கம் தள்ளி வைக்கிறார்கள்.

ஃபெண்டரின் எலெக்ட்ரிக் கிடாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு சேடில்களையும், அதாவது குதிரையில் கம்பி நேரடியாகத் தங்கும் துண்டுகளையும், மேலிருந்து பாருங்கள். மேல் இ முன்னால், பி சற்றுப் பின்னால், ஜி அதற்கும் பின்னால். டி வந்ததும் படி சட்டென்று முன்னேறும், அங்கிருந்து ஏ, இ என்று மறுபடி பின்னால் இறங்கும். வெறும் கம்பி முடிந்து சுற்றிய கம்பி தொடங்கும் இடத்தில் படி உடைகிறது. இப்போது ஆர்ச்டாப்பின் ஈட்டி மரச் சேடிலையோ கருங்காலிச் சேடிலையோ பாருங்கள். அதிலும் அதே படிக்கட்டு செதுக்கியிருக்கும், ஆனால் உடைவு பி-க்கும் ஜி-க்கும் நடுவே. அந்த மரத் துண்டைச் செதுக்கியவர் "இங்கே சுற்றிய ஜி வரும்" என்று எழுதி வைத்துவிட்டார். அதில் எலெக்ட்ரிக் செட்டைப் போட்டால், பின்னால் தாங்க வேண்டிய வெறும் ஜி ஒரு மி.மீ.க்கும் மேலாக முன்னால் நிற்கும். திறந்த கம்பியில் சுருதி சுத்தமாக இருக்கும், மூன்றாவது ஃபிரெட் வரை பெரிதாகத் தெரியாது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுருதி காட்டும் ட்யூனரின் முள் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். குதிரை முழுவதையும் பின்னால் தள்ளி ஜி-யைச் சரிசெய்தால் மற்ற ஐந்தும் இறங்கிவிடும். "ஆர்ச்டாப்பில் சுருதி நிற்காது" என்ற புகார் பலமுறை இங்கிருந்துதான் பிறக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, கிடாரின் மேல் குனிந்து ஜி கம்பியை நகத்தால் நீளவாக்கில் வருடுவது. வரிவரியாக உரசும் சத்தம் வந்தால் சுற்றிய கம்பி. வழவழவென்று போனால் சந்தேகம் வரும், ஏனென்றால் ஃபிளாட்வவுண்டும் வழவழப்பாகத்தான் இருக்கும். அப்போது டெயில்பீஸ் அருகே கம்பி முடியும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள், சுற்று இருந்தால் அங்கே தெரியும். வெறும் எஃகுதான், சேடிலின் படியும் பி-ஜி நடுவே உடைகிறது என்றால் நோய் தெரிந்துவிட்டது. தனியாக ஒரு நிக்கல் சுற்றிய ஜி வாங்கினால் போதும். 12 செட்டோடு சேர 24, 11 செட்டோடு 20 அல்லது 22. கம்பியை வளைத்து வாசிப்பதுதான் வேண்டும், வெறும் ஜி-தான் பிடிக்கும் என்பவர் சேடிலை மாற்றலாம்: வெறும் ஜி-க்கென்று படி செதுக்கியதோ, ஆறு கம்பிக்கும் தனித்தனியே நகரும் டியூன்-ஓ-மேட்டிக் என்ற உலோகக் குதிரையோ. பழைய கட்டைப் பாதத்தின் மேலேயே அது உட்காரும். இரு திருகுக் கம்பங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டு வாங்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை.

தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் தங்கும் நட்டையும் மறந்துவிடக் கூடாது. 24 எண்ணுக்கு அறுத்த பள்ளத்தில் 18 எண் கம்பி பக்கவாட்டில் ஆடும், திறந்த கம்பியில் சிதார் போல இரையும். 17 எண்ணுக்கு அறுத்த பள்ளத்தில் 24ஐத் திணித்தால் கம்பி மாட்டிக்கொள்ளும். முறுக்காணியைத் திருப்பும்போது "டிக்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் காரணம் இதுதான். பென்சில் கரி தற்காலிக மருந்து. அந்த அளவுக்குரிய அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்துவதே தீர்வு. அகலம் மட்டும்தான், ஆழம் ஒரு இழைகூடக் கூடக் கூடாது.

எலெக்ட்ரிக்கும் ஒரு காலத்தில் சுற்றிய ஜி-யோடுதான் பிறந்தது. 1951லிருந்து டெலிகாஸ்டர் என்ற பெயரில் வந்த கிடாரில் ஆறு கம்பிக்கு மூன்றே சேடில், இரண்டிரண்டு கம்பிக்கு ஒன்று. டி-யும் ஜி-யும் ஒரே உருளையில். இரண்டும் சுற்றியவையாக இருந்தவரை அந்தச் சமரசம் தாங்கக்கூடியதாக இருந்தது. ஜி வெறும் எஃகானதும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விலகும், அதனால்தான் உருளையைச் சாய்வாகத் துளைத்த சேடில்கள் இன்று தனியாக விற்கின்றன. 1954ன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் காந்தத் தூண்கள் ஏறியிறங்கி நிற்பதும் அன்றைய சுற்றிய ஜி-யை மனதில் வைத்துத்தான். ஜி-க்குரிய தூண் உயரமாக இருப்பதால், அதே அமைப்பிலுள்ள இன்றைய பிக்கப்பில் வெறும் ஜி மற்றக் கம்பிகளை மீறிக் கத்தும். 1962ல் எர்னி பால் வெளியிட்ட ஸ்லிங்கி போன்ற மெல்லிய செட்கள் பரவிய பிறகுதான் வெறும் ஜி எலெக்ட்ரிக்கில் வழக்கமானது. ஆர்ச்டாப் அந்த மாற்றத்தோடு போகவில்லை.

எதிர்த் திசைத் தவறும் உண்டு. "இது அகூஸ்டிக்தானே" என்று ஆர்ச்டாப்பில் வெண்கலக் கம்பி போடுவது. ஆம்ப்ளிஃபையரில் செருகாமல் வாசிக்க அது நன்றாகவே இருக்கும். செருகியதும் இ-யும் பி-யும் பாய்ந்து வரும், மற்ற நான்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். வெண்கலத்தைக் காந்தம் உணராது, உள்ளிருக்கும் எஃகை மட்டுமே உணரும். காந்தப் பிக்கப் உள்ள கிடாருக்கு நிக்கல் அல்லது எஃகு சுற்றிய கம்பிதான்.

குதிரையை உட்காரவைப்பது

ஒட்டாத குதிரையால் ஆர்ச்டாப்புக்கு வரும் இரண்டாவது கெட்ட பெயருக்குக் காரணம், ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவது. கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும், எங்கே நின்றது என்று தெரியாது. கம்பியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், வயலின்காரர்கள் செய்வது போல. ஃபிங்கர்போர்டைத் துடைக்க எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டுமென்றால், எளிதில் உரியும் தாள் டேப்பைக் குதிரைக் கால்களைச் சுற்றி ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மெல்லிய வார்னிஷ் என்றால் டேப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

இடம் தெரியாமலே போய்விட்டால் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து, அங்கிருந்து அதே தூரத்தைக் குதிரைப் பக்கம் அளக்க வேண்டும். மேல் இ பக்கம் 2 மி.மீ., தாழ் இ பக்கம் 4 மி.மீ. கூட்டி வையுங்கள். இது தொடக்கம் மட்டும். புதுக் கம்பி ஏற்றிச் சுருதி சேர்த்தபின், மேல் இ-யில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃபிரெட்டில் அமுக்கி வரும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அமுக்கியது ஏறியிருந்தால் குதிரையின் அந்தப் பக்கத்தை டெயில்பீஸை நோக்கி அரை மி.மீ. நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி. பிறகு தாழ் இ. இப்படி மாறி மாறி மூன்று சுற்று போனால் இரண்டும் 2 அல்லது 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) வித்தியாசத்துக்குள் வந்துவிடும். நகர்த்தும் முன் கம்பிகளை ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். முழு இறுக்கத்தில் தள்ளினால் வார்னிஷில் கோடு விழும். சுருதி ஏற்றும்போதெல்லாம் கம்பிகள் குதிரையின் தலையைக் கழுத்துப் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் பார்த்து நேராக நிமிர்த்துங்கள். அடியில் நகராமல் மேலே மட்டும் சாய்ந்த குதிரை, ஒருநாள் சத்தத்தோடு விழும்.

குதிரைக் கால் பலகையின் குவிவோடு முழுவதும் பொருந்தியிருக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளைக் காலுக்கடியில் செருகிப் பாருங்கள், எங்காவது நுழைந்தால் அந்த இடத்தில் ஒலி கசிகிறது. வாங்கிய அன்றே இடைவெளியோடு வரும் கிடார்கள் உண்டு. சரிசெய்ய, பலகைமேல் தாள் டேப் விரித்து, குதிரை நிற்கும் இடத்தில் 120 எண் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டி, குதிரைப் பாதத்தைக் கம்பியின் திசையில் சிறு சிறு இழுப்பாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் குவிவு கெட்டுப்போகும். பாதம் முழுவதும் ஒரே சீராகக் கீறல் விழுந்ததும் 220ல் நாலைந்து இழுப்பு, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. புதுப் பிக்கப் வாங்குவதைவிட இதில் கிடைக்கும் மாற்றம் பெரிது என்பது என் உறுதியான கருத்து. உயரம் மாற்றும் சக்கரத் திருகைக் கம்பி இறுக்கமாக இருக்கும்போது திருப்பாதீர்கள், மரை தேய்ந்துவிடும்.

எதை எதோடு வைத்துக் கேட்பது

இனி ஒப்பிடலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தாழ் இ-யின் உயரம் அகூஸ்டிக்கில் 2.4 மி.மீ. அளவில், ஆர்ச்டாப்பில் 2.0, எலெக்ட்ரிக்கில் 1.6 முதல் 1.8. முதல் ஃபிரெட்டில் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் கேப்போ போட்டு, பதினான்காவதில் அமுக்கி, ஏழாவதில் பார்த்தால் மூன்றிலுமே 0.2 மி.மீ. அளவு இடைவெளி இருக்க வேண்டும். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் இதற்கு மட்டும்தான், கம்பி உயரத்தைக் குறைப்பதற்கு அல்ல. ஒருமுறைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். உயரத்தைக் குறைப்பது சேடிலில்: அகூஸ்டிக்கில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலின் அடியில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும்.

ஆர்ச்டாப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கருவிகள் இருப்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து செதுக்கிய பலகையும், கழுத்தின் நுனியில் தொங்கும் பிக்கப்பும் கொண்டது ஒன்று. 1949ன் இஎஸ்-175 வழியில், அடுக்கு மரத்தை அச்சில் அழுத்திக் குவித்து, பலகையையே அறுத்துப் பிக்கப்பைப் பொருத்தியது இன்னொன்று. இரண்டாவதைச் செருகாமல் அகூஸ்டிக்கோடு ஒப்பிட்டுச் "சத்தமில்லை" என்பது அநியாயம். அடுக்கு மரத்தில் கட்டியதற்கு அது சத்தமாக அதிரக் கூடாது என்பதும் ஒரு காரணம், அதிர்ந்தால் ஆம்ப்ளிஃபையர் அருகே ஊளையிடும். அதைச் செருகித்தான் கேட்க வேண்டும், டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி. ஊளை வந்தால் முதலில் ஸ்பீக்கருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்புங்கள், அடுத்து ஆம்ப்ளிஃபையரில் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துத் தாழ்வொலியைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் எஃப் துளையில் நுரைத் துண்டு.

செதுக்கிய ஆர்ச்டாப்பை அகூஸ்டிக்கோடு வைத்துக் கேட்பதென்றால் மடியில் வைத்து வாசிப்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எட்டு, பத்து அடி எதிரே உட்கார்ந்தவர் சொல்லட்டும். அகூஸ்டிக்கின் தாழ்வொலி வாசிப்பவரைச் சுற்றியே நிற்கும். ஆர்ச்டாப்பின் நடுவொலி நேரே எதிர்ச் சுவருக்குப் போகும். கார்டு முழுவதையும் மீட்டாமல் ஆறாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளில் மூன்றே ஸ்வரம் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் விரலைத் தளர்த்தி வெட்டி வாசித்துக் கேளுங்கள். அந்தக் கிடார் எதற்குக் கட்டப்பட்டது என்று அப்போது கேட்கும்.

கடலோரத்தில்

சென்னை, புதுச்சேரி, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. கிடார் மரத்துக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் மழைக்காலத்தில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். அகூஸ்டிக்கின் பலகை ஈரம் குடித்து உப்பும், ஒட்டிய குதிரையும் கூடவே ஏறும், கம்பி உயரம் கூடும். அவசரப்பட்டு அந்த நேரத்தில் சேடிலைத் தேய்த்தால், ஏசி அறையில் நாலு வாரம் இருந்து பலகை இறங்கும்போது கம்பி ஃபிரெட்டில் அடிக்கும். மழைக்கென்று ஒரு சேடில், கோடைக்கென்று ஒரு சேடில் வைத்துக்கொள்வது மலிவான வழி. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விட்டால் குதிரைப் பசை இளகும். குதிரையின் பின் ஓரத்தில் மெல்லிய தாள் நுழைகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நுழைந்தால் அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும், முழுதும் பிய்ந்தால் பலகையின் நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஆர்ச்டாப்பிலும் பலகை ஏறியிறங்கும். ஆனால் இங்கே சக்கரத் திருகு இருக்கிறது. கம்பியைத் தளர்த்து, பலகை ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் கால் சுற்று இறக்கு, இறங்கியிருந்தால் ஏற்று, மறுபடி சுருதி சேர், குதிரையை நிமிர்த்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டை மறுபடி பார். ஐப்பசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை. ஃபிளாட்வவுண்ட் கம்பியில் வியர்வை தங்கும் இடுக்குகள் குறைவு என்பதால் அது உப்புக் காற்றிலும் மாதக்கணக்கில் தாங்கும். வெறும் எஃகான இ-யும் பி-யும் தான் முதலில் துருப்பிடிக்கும். அந்த இரண்டையும் தனியாக நாலைந்து வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள், 12ம் 16ம். கூடவே ஒரு சுற்றிய 24.